கேசட்டில் ஏறிய சைரன்

எங்கள் ஊரில் சைரன் சத்தம் யாருக்கும் கேட்காது. காது மந்தம் என்று இல்லை. புதுப்பட்டினத்தில் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறோம். அந்தக் காலத்தில் வாரத்தில் ஒரு நாள், காலையில், சோதனைக்காக ஊதுவார்கள். ஊதும், ஓயும். மீன் கழுவுகிறவள் கழுவிக்கொண்டே இருப்பாள். வெளியூரிலிருந்து விருந்தாட வந்தவர்கள்தான் திடுக்கிட்டு எழுந்து அது என்ன என்று கேட்பார்கள். எது என்று நாங்கள் திருப்பிக் கேட்போம்.

ஊத வேண்டிய நேரத்தில் ஊதினால் அப்படி. ஊதக்கூடாத நேரத்தில் ஊதினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது வளைகுடாவில் போர் நடந்த வருஷம்.

தை மாதக் கடைசி. மத்தியானம் இரண்டு மணி இருக்கும். நான் வீட்டின் பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். சைரன் எழுந்தது. அன்றைக்கு ஊதுகிற நாளும் இல்லை, நேரமும் இல்லை. எழும்பி, தணிந்து, மறுபடி எழும்பியது. சாம்பல் கையோடு வீட்டுக்குள் புகுந்து தெருவுக்கு ஓடினேன்.

தெருவில் ஒன்றும் இல்லை. ஆடு ஒன்று சிமெண்ட் பையைக் கடித்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரி தலையை விரித்துப் போட்டு ஈர் எடுத்துக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லை. வாசல்படி ஏறி உள்ளே போனால் மறுபடி சைரன். வெளியே வந்தால் இல்லை, உள்ளே போனால் இருக்கிறது. எங்கள் வீட்டுக்குள் மட்டும் ஊதுகிறது. அந்த ஒரு நிமிஷம் என் கால் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் வாசல்படியிலேயே நின்றுவிட்டது.

அப்புறம் உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் சிரித்தார்.

அவர் அப்போது சவூதியில், கடலோரத்து ஊர் ஒன்றில், கட்டடக் கம்பெனியில் கம்பி கட்டுகிற வேலையில் இருந்தார். போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் நானும் மாமியாரும்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர் அனுப்பிய கேசட்டை லீவில் வந்த ஆள் ஒருவர் அன்றைக்குத்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எனக்குச் சொல்லாமல் மாமியார் உள்ளறையில் அதை டேப்ரெக்கார்டரில் போட்டிருந்தார்.

சவூதிக்குப் போனவர்கள் வீட்டில் அப்போதெல்லாம் கடுதாசியைவிடக் கேசட்தான் அதிகம். என் வீட்டுக்காரருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. நான் ஐந்தாவது வரை படித்தவள், எழுதுவேன். ஆனால் அங்கே ரூமில் யாராவது படித்துக் காட்ட வேண்டும். கேசட் என்றால் அவர் பேசுவார், நாங்கள் பேசி அனுப்புவோம். ஒரே ஒரு கஷ்டம். இங்கே தெருவே வந்து உட்கார்ந்து கேட்கும், அங்கே ரூமில் இருக்கிற எட்டுப் பேரும் கேட்பார்கள். அதனால் நான் ஒரு கேசட்டிலும் பேசினதில்லை. "சொல்லுடி" என்று மாமியார் மெஷினைத் தள்ளுவார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்துபோவேன். பக்கம் முழுக்க மாமியார்தான் பேசுவார். ஆடு குட்டி போட்டது, கிணற்றில் தண்ணீர் இறங்கியது, எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், உன் பொண்டாட்டி நல்லாத்தான் கீறா என்பார்.

அந்தக் கேசட்டை மறுபடி முதலிலிருந்து போட்டுக் கேட்டோம். சாப்பாடு, வேலை, குளிர் என்று பேசிக்கொண்டே வருகிறார். நடுவில் சைரன். அப்புறம் அவருடைய குரல் மெஷினுக்குக் கிட்டே வந்தது.

"ம்மே, கேக்குதா? பயந்துக்காத. அவன் உடறான், இவன் மேலயே புடிச்சி அடிச்சிடறான். தீபாவளி தோத்துது போ. நாங்க மாடிக்குப் போறோம் பாக்க. இரு, வந்து பேசறேன்."

செருப்புச் சத்தம். நிறையப் பேர் படியேறுகிற சத்தம். மெஷினை நிறுத்தாமல் போய்விட்டார்கள். அதற்கப்புறம் அந்த அறை மட்டும்தான். எங்கேயோ தூரத்தில் தடார் என்றது, மேலே கைதட்டினார்கள். மறுபடி அறை. ஒரு மின்விசிறி லொட லொட என்று சுற்றுகிறது. வந்து பேசுகிறேன் என்றவர் வரவில்லை. பக்கம் முடிகிற வரைக்கும் விசிறிதான்.

மாமியாருக்கு ஒரே சந்தோஷம். தெருவில் எல்லோரையும் கூப்பிட்டுக் கைதட்டுகிற இடத்தைப் போட்டுக் காட்டினார். ரேடியோ செய்தியிலும் அப்படியேதான் சொன்னார்கள். வருகிற ஏவுகணையை எதிர் ஏவுகணை வானத்திலேயே அழித்துவிடுகிறது என்று. எதிர்வீட்டுக்காரி அந்த மெஷினை முருகன் வேல் என்றாள்.

கேசட் வந்துவிட்டதே, அப்போது அவர் இறங்கி வந்திருக்கிறார் என்றுதானே அர்த்தம். அது எனக்கும் தெரியும். ஆனால் அவர் பேசி இரண்டு வாரம் ஆகியிருந்தது. அதற்கப்புறம் எத்தனை தடவை ஊதியிருக்கும், எத்தனை தடவை மாடிக்குப் போயிருப்பார்கள். எனக்கு அந்த விசிறிச் சத்தம்தான் காதில் சுற்றியது. மாடிக்குப் போன மனுஷன் என் கணக்கில் இன்னும் இறங்கி வரவில்லை.

அப்போது நான் டவுன்ஷிப்பில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஐயா நிலையத்தில் எஞ்சினியர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். அம்மாவோடு பேசுவேன். ஐயாவோடு இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை பேசினதில்லை. அவர் கூடத்துக்கு வந்தால் நான் சமையலறைக்குப் போய்விடுவேன். அன்றைக்கு அம்மாவிடம் கேட்டேன், வானத்திலேயே அடித்துவிடுவதாகச் சொல்கிறார்களே, அதை நம்பலாமா என்று ஐயாவைக் கேட்டுச் சொல்ல முடியுமா என்று. அம்மா உள்ளே பார்த்துக் கூப்பிட்டுவிட்டார். ஐயா பேப்பரோடு சமையலறை வாசலுக்கே வந்து நின்றார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அவர் என் முதுகோடுதான் பேசினார்.

பறந்து வருகிற கல்லை இன்னொரு கல்லால் அடிக்கிற காரியம் அது என்றார். கண் இமைக்கிற நேரத்தில் கணக்குப் போட வேண்டும். சில தடவை படும், சில தடவை படாது. அடித்தோம் என்று சொல்கிறவன் அதைச் செய்தவன், அவன் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இதெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் ஒன்று சொன்னார்.

"பட்டுதுன்னே வையி. இரும்பு மேலேயே நிக்காதும்மா. துண்டு துண்டாக் கீழதான் வரும். அவரை மொட்டை மாடிக்குப் போக வேண்டாம்னு சொல்லு. தலைக்கு மேல கனமா கான்கிரீட் இருக்கணும். படிக்கட்டுக்கு அடியில போய் உக்காரச் சொல்லு."

சவூதியை விட்டு வரச்சொல்ல முடியாது. பாஸ்போர்ட் கம்பெனிக்காரன் கையில். இந்த ஒன்றைத்தான் சொல்ல முடியும். எனக்கு என்ன தைரியம் வந்ததோ, சுவரைப் பார்த்தபடியே, இங்கே ஊதுகிறதை நம்பலாமா ஐயா என்று கேட்டுவிட்டேன். ஐயா மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற சத்தம் கேட்டது.

"சைரன் ஊதுதான்னு வாராவாரம் பாக்கறோம். ஊதினா ஆள் எந்திரிக்கானான்னு யாரும் பாக்கறதில்ல" என்றார்.

செங்கல்பட்டு ஆள் ஒருவர் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை திரும்பிப் போகிறார் என்று தெரிந்தது. போர் நடந்தாலும் திரும்பிப் போனவர்கள் உண்டு. வேலை போய்விடும் என்கிற பயம் குண்டைவிடப் பெரிது. அவர் கையில் கேசட் கொடுத்துவிட வேண்டும். மாமியார் ஒரு பக்கம் பேசி முடித்தார். ஐயா சொன்னதை அவரிடம் சொல்லி, நீங்களே இதையும் சொல்லிவிடுங்கள் என்றேன். அவருக்கு முகம் மாறிவிட்டது.

"தூரத்துல கீறவன் காதுல கெட்ட வார்த்தையப் போடாதடி. வாயால சொன்னா காத்தோட பூடும். மெஷின்ல ஏறிச்சின்னா போடறப்பல்லாம் சொல்லிகினே இருக்கும்."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். வெளியூரில் இருக்கிறவனுக்குச் சாவு, விபத்து, பயம் எதையும் சொல்லி அனுப்பமாட்டார்கள். சொன்னது பலித்துவிடும். மாமியார் அதைத் தவிர வேறு ஒன்றுக்கும் என்னிடம் கோபித்ததில்லை.

வியாழக்கிழமை காலையில் கேசட்டை இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போனேன். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தன் மெஷினைப் பின்னறையில் வைத்து, சிவப்புப் பொத்தானைக் காட்டி, கதவைச் சாத்திவிட்டு வாழைக்காய் நறுக்கப் போனார். அந்த அறை ஜன்னலுக்கு வெளியே சவுக்குத் தோப்பு, அதற்கப்பால் கடல். பொத்தானை அழுத்தினேன். இரண்டு சக்கரமும் சுற்ற ஆரம்பித்தன. வாய் திறக்கவில்லை. ரூமில் எட்டுப் பேர் கட்டிலில் உட்கார்ந்து என் வாயையே பார்க்கிற மாதிரி இருந்தது. புருஷனுக்கு இப்படிச் செய், அப்படிச் செய் என்று நான் எப்போது சொன்னேன்? நாடா ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு தடவை வாயைத் திறந்தேன், ஏனோ நிறுத்திக்கொண்டேன், எதற்கோ காத்துக்கொண்டிருந்தேன். எதற்கு என்று அப்போது தெரியவில்லை. அப்புறம் வந்துவிட்டது.

"தோ பாருங்க. நான்தான். சத்தம் கேட்டா மேல போவாதீங்க. அடிச்சாலும் துண்டு கீழதான் வருமாம். படிக்கட்டுக்கு அடியில போங்க. யாரு சிரிச்சாலும் போங்க."

அவ்வளவுதான். பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டேன். அம்மா வந்து, ஒரு தடவை போட்டுக் கேட்டுவிடேன், சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்கலாம் என்றார். வேண்டாம்மா என்று மெஷினிலிருந்து கேசட்டைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டேன். என் குரலை நானே கேட்க எனக்கு வெட்கம்.

போட்டுக் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்குச் சைரன் சோதனை நாள்.

கேசட் போனது. அப்புறம் இரண்டு மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. அவர் இருந்த பக்கத்தில் ஏவுகணை ஒன்று தடுக்கப்படாமல் விழுந்து நிறையப் பேர் செத்தார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். பட்டாளத்துக்காரர்கள் என்றார்கள். நம்ம ஆள் இல்லை என்று தெரு சொன்னது. நான் வேலைக்குப் போனேன், வந்தேன். இரண்டு நாளில் போர் நின்றது.

பங்குனியில் அவர் பேசின இன்னொரு கேசட் வந்தது. போர் நடக்கும்போதே பேசி, எங்கோ சுற்றி வந்து சேர்ந்திருந்தது. அதில் அவர் கொஞ்சம்தான் பேசினார். வேறு ஒரு ஆண் குரல்தான் அதிகம். ஊரப்பாக்கத்துக்காரர், ரூமில் அவருக்குப் பக்கத்துக் கட்டில். முந்தின கேசட்டுகளிலும் பின்னால் அவருடைய சிரிப்பு கேட்கும்.

"அண்ணி, வணக்கம். அண்ணாத்த உங்க கேசட்டப் போட்டாரு. சைரன் வந்துது பாருங்க, நாஸ்தா துன்னுகினு இருந்த ஏழு பேரும் தட்டோட மாடிப்படி ஏறிட்டோம். இவரு மட்டும் நின்னுகினு சிரிக்கிறாரு, எங்க ஊரு சைரன்டா இதுன்னு. இன்னா அண்ணி, ஒரு வார்த்தை சொல்லிட்டு ஊதக்கூடாதா?"

ரூமே சிரித்தது. மாமியாரும் எதிர்வீட்டுக்காரியும் சிரித்தார்கள். நான் பேசினதில் சைரனா? எப்போது ஊதியது? நான் வாயைத் திறந்து எதற்கோ காத்திருந்தேனே, அது அதற்குத்தான். என் காது கேட்டிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

ஊரப்பாக்கத்துக்காரர் விடவில்லை. "இப்ப அதத்தான் தெனம் போடறோம், புச்சா வர்றவன ஓட வுட. அண்ணி சைரன்னு பேரே வச்சிட்டோம். பாருங்களேன், நெஜ சைரன் ஊதினா கூட அண்ணிதான்னு படுத்துகினு இருக்கப்போறோம்."

பங்குனியில் இதைக் கேட்டேன். அவர் அதைப் பேசியது மாசியில். நடந்தது இரண்டுக்கும் நடுவில்.

என் வீட்டுக்காரர் ஆனியில் வந்து சேர்ந்தார். பெட்டியில் என் கேசட்டும் இருந்தது. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, காலையில் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தவரைக் காணோம். தேடிப் போனால், பக்கத்து மாடிவீட்டின் படிக்கட்டுக்கு அடியில், சைக்கிளுக்கும் விறகுக்கும் நடுவில் குந்திக்கொண்டிருக்கிறார். வாயில் பற்பொடி அப்படியே இருக்கிறது. என்ன என்று கேட்டேன். சைரன் என்றார். அப்போதுதான் எனக்கும் அது கேட்டது, ஓயப்போகிற கடைசி இழுப்பு. எங்கள் ஊரில் சைரன் கேட்கிற ஒரே ஆள் அவர்தான் என்று ஆகிவிட்டது.

அங்கேயே குந்தியபடி சொன்னார். என் வார்த்தை போன நாளிலிருந்து ஒவ்வொரு சைரனுக்கும் அவர் கீழேதான் போயிருக்கிறார். மற்றவர்கள் மாடிக்கு. அவர்கள் சிரித்தார்கள், அதனால்தான் இன்னும் பிடிவாதமாகப் போனாராம், யாரு சிரிச்சாலும் போங்க என்று சொல்லியிருந்தேனே. ஒரு நாள் பொழுது சாய்கிற நேரம். இவர் கீழே குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் வேலையிலிருந்து திரும்பவில்லை. ஊரப்பாக்கத்துக்காரர் மட்டும் மேலே, மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். சைரன் ஊதியது. இவர் படிக்கட்டுக்கு அடியில் நுழைந்துகொண்டு, வாடா மச்சான் என்று கத்தினார். மேலேயிருந்து பதில் வந்தது. "அண்ணிய நிறுத்து அண்ணாத்த, தூங்கணும்."

கேசட் அப்போது ரூமில், மெஷினில்தான் இருந்தது. ஆனால் யாரும் போடவில்லை. அப்புறம் எதிர் ஏவுகணை கிளம்பிய சத்தம், மேலே வெடித்த சத்தம், கொஞ்சம் பொறுத்துத் தகரம் கிழிகிற சத்தம். இரும்புத் துண்டு கட்டிலோடு சேர்த்து முழங்காலில் இறங்கியிருந்தது. கால் போய்விட்டது. உயிர் தங்கியது.

இதைத் தன் அம்மாவிடம் சொல்லாதே என்றார். மாமியாரிடம் நான் சொல்லவில்லை. கெட்ட வார்த்தை மெஷினில் ஏறினால் சொல்லிக்கொண்டே இருக்கும் என்றாரே, அது எனக்கு வேறு விதமாகப் பலித்திருந்தது. சொன்ன வார்த்தை என் புருஷனைக் காப்பாற்றியது. சொல்லாத சத்தம் இன்னொருத்தன் காலைத் தின்றது.

அந்த மனிதரைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது மட்டும் மனசில் இருந்தது. அதற்கு இரண்டு வருஷம் ஆனது. ஊரப்பாக்கத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கமாக ஜி.எஸ்.டி. ரோட்டில் அவருக்கு எஸ்.டி.டி. பூத் வைக்க இடம் கிடைத்திருந்தது. செங்கல்பட்டிலிருந்து ரயிலில் போனோம். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

சிரிப்பை வைத்து அவரைப் பருமனான ஆள் என்று நினைத்திருந்தேன். ஒல்லியாக இருந்தார். கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் மேஜை, மேஜைக்கு அடியில் ஒரு கால். இரண்டு டீ வரவழைத்தார். அவரும் என் வீட்டுக்காரரும் பழைய போர்மேன் கதை பேசிச் சிரித்தார்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டீ ஆறி ஏடு கட்டியது. நான் வாயைத் திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் பீடி வாங்க எழுந்துபோனார். அப்போது அவராகவே என்னைப் பார்க்காமல், கூண்டுக்குள் பேசிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்தபடி சொன்னார்.

"அது உங்க சைரன் இல்ல அண்ணி. நெஜம்னு எனக்குத் தெரியும். உங்களுது ஓயறப்போ ஒரு இழுப்பு இழுக்கும், இது இழுக்கல. தெரிஞ்சிதான் படுத்திருந்தேன். தெனம் அடிக்கறான், இன்னிக்கும் அடிப்பான்னு ஒரு நம்பிக்க."

டீ கிளாஸை மேஜை ஓரத்துக்குத் தள்ளி வைத்தார்.

"அடிச்சான் அண்ணி. சரியாத்தான் அடிச்சான். அதான் என் மேல வுழுந்துது."

நான் தலையை ஆட்டினேன். அதுகூட அவருக்குத் தெரிந்ததோ இல்லையோ. திரும்பி வரும்போது ரயிலில் அழுதேன். நிம்மதியில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். சிங்கப்பெருமாள்கோயில் தாண்டுவதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. நெஜம் என்று தெரிந்தவர் எதற்கு "அண்ணிய நிறுத்து" என்று சொல்ல வேண்டும்? விளையாட்டுக்கா? அல்லது இன்றைக்கு, நான் ஒரு மணி நேரமாக வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, எனக்காகச் சொன்னதா? என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

ஐயா மாற்றலாகிப் போவதற்கு முன்னால் ஒரு நாள், பேப்பரில் படித்ததாக அம்மா மூலமாக இல்லாமல் நேராகவே என்னிடம் சொன்னார். இத்தனை அடித்தோம் என்று போரின்போது சொன்ன கணக்கைப் பிற்பாடு அவர்களே குறைத்துக்கொண்டார்களாம். பட்டாளத்துக்காரர்கள் செத்த அன்றைக்கு, வருகிற ஏவுகணையைப் பார்க்கக் காவல் இருந்த மெஷினை நாள் கணக்கில் அணைக்காமல் ஓட விட்டிருந்தார்களாம். அதற்குள்ளிருந்த கடிகாரம் துளித் துளியாகப் பிசகி, ஒரு விநாடியில் சின்னப் பங்குதான், வானத்தில் அது வேறு இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததாம். வருகிறதை வருகிற இடத்தில் பார்க்காமல், காலியான வானத்தைப் பார்த்து ஒன்றும் இல்லை என்று சும்மா இருந்துவிட்டது. அன்றிலிருந்து சும்மா இருக்கிற மெஷினைப் பார்த்தால் எனக்குப் பயம். அது எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்?

மாமியார் போனார். என் வீட்டுக்காரரும் சர்க்கரை வியாதியில் போனார். கடைசி வருஷம் வரைக்கும் சைரன் நாளில் கோலை ஊன்றிக்கொண்டு அந்தப் படிக்கட்டுக்கு அடியில் போவார். தெரு சிரிக்கும். நான் கூடப் போய் நிற்பேன்.

அடுத்த வருஷம்தான் கடல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. கடலுக்கென்று எங்கள் ஊரில் அப்போது சைரன் கிடையாது. ஜனங்கள் ஓடி வருகிறதைப் பார்த்துத்தான் நானும் ஓடினேன். எங்கள் தெருவுக்குள் தண்ணீர் முழங்கால் அளவோடு நின்றது. சதுரங்கப்பட்டினத்தில், கரையோரக் குப்பங்களில் போனவர்களை எண்ணி முடியவில்லை.

மூன்றாம் நாள் எதிரில் இருந்த மளிகைக் கடைக்கு எனக்கு போன் வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். எனக்கு யார் போன் செய்வார்கள்? கடையில் பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். வாங்கிக் காதில் வைத்தேன்.

"அண்ணி, நான்தான். ஊரப்பாக்கம். உசுரோட கீறீங்களா? ரெண்டு நாளா அடிக்கறேன், லைனே கெடைக்கல. ஓடினீங்களா?"

ஓடினேன் என்றேன். பத்துப் பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிணம் ஏற்றின வேன் ஒன்று ரோட்டில் போனது. அத்தனை பேருக்கு நடுவில், பத்து வருஷத்துக்கு மேலாக வாயில் வைத்திருந்தது வந்துவிட்டது.

"உண்மையச் சொல்லுங்க. அன்னிக்கு அது நெஜ சைரன்னு உங்களுக்குத் தெரியுமா? என் சைரன்னு நெனச்சித்தான படுத்தீங்க?"

போன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை. அவருடைய பூத்தில் விசிறி சுற்றுகிறது, ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது, எல்லாம் கேட்கிறது. அவர் அங்கேதான் இருக்கிறார். மாடிக்குப் போனவர் இறங்கி வருவாரா என்று விசிறியைக் கேட்டுக்கொண்டிருந்த மாதிரியே நான் நின்றுகொண்டிருந்தேன்.

அப்புறம் மெதுவாகச் சிரித்தார்.

"உங்களுக்குப் பேச வருது அண்ணி" என்றார். "அன்னிக்கு டீய கூட குடிக்காம பூட்டீங்க."

வைத்துவிட்டார். எனக்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான். கேட்டுவிட்டேன் என்பது மட்டும் மிச்சம்.

கரையோர ஊர்களில் எல்லாம் இப்போது கம்பம் நட்டு எச்சரிக்கைச் சைரன் வைத்திருக்கிறார்கள். சோதனைக்கு ஊதுகிறார்கள். முதல் இரண்டு தடவை ஜனங்கள் ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். இப்போது மீன் கழுவுகிறவள் கழுவிக்கொண்டே இருக்கிறாள். நான் மட்டும் எழுந்து மேட்டுப் பக்கம் நடந்துபோய், ஓய்ந்த பிறகு திரும்பி வருகிறேன். ஆயா வாக்கிங் கிளம்பிட்டாங்க என்பார்கள்.

போன வாரம் எதிர்வீட்டு டிவியில், நம் நாட்டிலும் வருகிற ஏவுகணையை வானத்திலேயே அடிக்கிற ஏவுகணையைச் செய்து, கடலுக்கு மேலே சோதித்துப் பார்த்ததாகக் காட்டினார்கள். ஒரு வெளிச்சம் கிளம்பியது, இன்னொரு வெளிச்சத்தில் போய் முட்டியது. அங்கே இருந்தவர்கள் கை தட்டினார்கள். இனிமே நமக்கு ஒன்னும் ஆவாது ஆயா என்றாள் எதிர்வீட்டு மருமகள். துண்டு எங்கம்மா வுழுந்துது என்று கேட்டேன். நான் டிவி பார்க்கும்போது பேசுகிறவள் இல்லை என்பதால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடல்லதான் வுழுந்திருக்கும் என்றாள். கடலில் யார் இருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தக் கேசட்டை எடுத்தேன். இருபது வருஷம் ஆகப்போகிறது. மெஷினும் பழசு, நாடாவும் தேய்ந்துவிட்டது. அதுவரை ஒரு தடவைகூட அதை நான் போட்டுக் கேட்டதில்லை. முதலில் வெறும் காற்று, சவுக்குத் தோப்புச் சத்தம். ஒரு பெண் மூச்சு விடுகிறாள். அப்புறம் சைரன். நாடா மெலிந்துபோய் அது சைரன் மாதிரி இல்லை, யாரோ தூரத்தில் நின்று ஒரே மூச்சில் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. ஓயும்போது ஒரு இழுப்பு இழுக்கிறது. அவர் சொன்னது சரிதான், அந்த இழுப்பு இருக்கிறது. தெரிந்த காதுக்கு அது தெரியும். ஆனால் தூக்கத்தில் இருக்கிறவனுக்கு, கடைசி வரைக்கும் கேட்டால்தானே தெரியும்.

அப்புறம் நான் பேசுகிறேன். எனக்கு அந்தக் குரலைத் தெரியவில்லை. சின்னப் பெண்ணின் குரல். மேல போவாதீங்க, படிக்கட்டுக்கு அடியில போங்க என்கிறது.

கேசட் முடிந்து டக்கென்று நின்றபோது, நான் பக்கத்து வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில், விறகுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்து வந்தேன் என்று தெரியவில்லை. அங்கே நிற்கிறவளுக்கு எங்கள் வீட்டு மெஷின் நிற்கிற சத்தம் எப்படிக் கேட்டது என்றும் தெரியவில்லை.